வாய்க்கால் மீனும் வறண்ட குளமும்

மேக்கரைக் காடுகளில் இறங்கிய மழை, பாறைகளின் இடுக்கில் ஒதுங்கி, ஓடைகளாகத் திரண்டு, அடவிநயினார் அணையில் தேங்கி, அதன் மதகு வழியே அனுமன் நதியாக வெளிப்பட்டு, அச்சன்புதூர் வயல்களின் வாய்க்கால்களில் புகுந்து சலசலக்கும் ஆடி மாதத்தில், ஏதேனும் ஒரு மடையின் ஓரத்தில், ஓட்டம் தணிந்து கோரைப்புல் நீரில் சாய்ந்து கிடக்கும் இடத்தில், தன் நிழல் தண்ணீரில் விழாதபடி குந்தியமர்ந்து கால் நாழிகை பொறுத்திருப்பவனுக்கு, நீர்ப்பரப்பை ஒட்டி அசையாமல் நிற்கும் ஒரு வெள்ளிப் புள்ளி புலப்படும். கண்ணைச் சிமிட்டினால் அது மறைந்துபோகும். மறுபடியும் பொறுத்திருந்தால் முன்பு நின்ற இடத்துக்கே திரும்பிவந்து நிற்கும். அந்தப் புள்ளி ஒரு மீனின் உச்சந்தலையில் இருப்பது. அதன் கீழே இரண்டு அங்குலம், மிஞ்சினால் நான்கு அங்குலம் நீளமுள்ள உடல் ஒன்று, முதுகு தட்டையாகவும், வாய் வானத்தை நோக்கித் திறப்பதாகவும், முதுகுத்துடுப்பு வாலை ஒட்டிப் பின்தள்ளியும் அமைந்திருக்கும். இப்படிப்பட்ட தேகம் எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. கரைப்புல்லிலிருந்து ஓர் எறும்பு தவறி விழும்போது அந்த மீன் பாய்கிற வேகமே விடை சொல்லிவிடும்.

மலைக்கு அப்பால் கேரளத்தார் இதனை 'மானத்துக்கண்ணி' என்று வழங்குகிறார்கள். மானம் என்றால் வானம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டைத் தாலுகாவின் எல்லைப்புறத்தில் வாழ்கிற நமக்கு அச்சொல் அந்நியமாகத் தோன்றாது. வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. சாஸ்திரப் பெயர் அப்ளோகைலஸ் லினியேட்டஸ். 1846-ல் வாலன்சியென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வர்ணித்த இனம் அது. இதனினும் சிறிய உறவினன் ஒன்று, அப்ளோகைலஸ் பர்வஸ் என்பது, சென்னைப் பிரதேசத்து நன்னீர் மீன்களைப் பற்றி 1916-ல் பி. சுந்தர ராஜ் எழுதிய கட்டுரையின் மூலம் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. தமிழ்நாட்டுக் குட்டைகளில் நின்று பார்த்த ஒருவர் இதற்குப் பெயர் வைத்தார் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிற செய்தி.

இவை யாவும் 'கில்லி மீன்' என்னும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் அச்சொல்லின் ஒலியைக் கேட்டுப் பிற மீன்களைக் கொல்லும் மீன் என்று பொருள் கொள்வோர் உண்டு, அது பிழை. டச்சு மொழியில் 'கில்' என்பது சிற்றோடை, வாய்க்கால். அமெரிக்காவின் நியூயார்க் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்கள் அங்குள்ள வாய்க்கால்களில் கண்ட சிறுமீன்களுக்கு இந்தப் பெயர் ஏற்பட்டு, பின்னர் உலகமெங்குமுள்ள அதன் சுற்றத்தாருக்கும் பரவிற்று. ஆகவே 'வாய்க்கால் மீன்' என்று நாம் தமிழில் சொன்னால் அது மொழிபெயர்ப்பாகவும் இருக்கும், அச்சன்புதூர் வாய்க்காலில் நிற்கும் மீனைப் பற்றிய உண்மையாகவும் இருக்கும்.

இந்த அத்தியாயம் ஆப்பிரிக்காவின் சிறிய கில்லிகளைப் பற்றியது. ஆனால் அவற்றை அடைவதற்கு இந்த மேற்கு மலையின் வழியே போவதுதான் நேர்பாதை. மலைக்கு அப்பாலுள்ள அச்சன்கோவிலின் பெயரைப் புவியியல் நூல்களில் காணலாம். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி உரசிய காலத்தில் நசுங்கிப் பிசைந்த பாறைகளின் பட்டை ஒன்று அவ்வழியே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. அதற்கு அச்சன்கோவில் பிளவுமண்டலம் என்று பெயர். மடகாஸ்கர் தீவிலுள்ள ரனோட்சரா என்னும் மண்டலம் இதன் தொடர்ச்சியே என்று கருதும் புவியியலார் பலர். கோண்டுவானா என்னும் அந்தப் பழைய கண்டம் பிளந்தபோது, இந்தியாவும் மடகாஸ்கரும் சேர்ந்தபடியே ஆப்பிரிக்காவை விட்டு நகர்ந்தன. சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்விரண்டும் தம்மில் பிரிந்தன. இப்போது மீனைப் பாருங்கள். மானத்துக்கண்ணியின் மிக நெருங்கிய உறவினரான பச்சிபேங்காக்ஸ் என்னும் கில்லிகள் மடகாஸ்கரிலும் சேஷல்ஸ் தீவுகளிலும் வாழ்கின்றன. அடுத்த வட்டத்து உறவினர் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இருக்கிறார்கள். பாறையும் மீனும் ஒரே கதையைச் சொல்லுகின்றனவா, அல்லது மீன்கள் பின்னாளில் வேறு வழியாகப் பரவினவா என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் உண்டு. எனக்கோ, அந்த வெள்ளிப் பொட்டைக் காணும்போதெல்லாம் மடகாஸ்கரின் ஓடை ஒன்று மனத்தில் ஓடாமல் இருப்பதில்லை.

ஆப்பிரிக்கக் கில்லிகளின் ஜலவாசத்தை இரண்டு பெரும் பிரிவாகப் பார்ப்பது நலம். முதலாவது, மேற்கிலும் மத்தியிலும் உள்ள மழைக்காடுகளின் ஓடை. கினி, சியரா லியோன், லைபீரியா முதலிய நாடுகளில் வாழும் எபிப்ளாடிஸ் அன்னுலேட்டஸ் என்னும் ஒன்றரை அங்குல மீன், கபோன் நாட்டுக் கடலோரச் சதுப்புகளின் அஃபியோசெமியான் ஆஸ்ட்ரேலி, நைஜீரியாவிலும் காமெரூனிலும் உள்ள ஃபண்டுலோபேங்காக்ஸ் கார்ட்னெரி ஆகியவை இந்த வகுப்பு. குற்றாலத்தில் செண்பகாதேவிக்கு ஏறிச் செல்பவர், அருவியை மறந்துவிட்டு, பாதையின் ஓரத்தில் வேர்களுக்கிடையே கசிந்து ஒரு சாண் ஆழத்தில் நிற்கும் சின்னஞ்சிறு நீர்த்தேக்கங்களைக் குனிந்து பார்த்தால், கபோன் காட்டைப் பாதி பார்த்தவராவார். மேலே இலைக்கூரை, வெயில் காசுகாசாக விழும், அடியில் மக்கிய சருகு, அச்சருகிலிருந்து ஊறிய சாறு தண்ணீரைத் தேயிலை நிறமாக்கியிருக்கும். பாறை எளிதில் கரையாத ஜாதியாதலால் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் மிகக் குறைவு; இதைத்தான் மென்னீர் என்கிறோம். சருகின் அமிலத்தை எதிர்க்கக் கூடிய சுண்ணாம்புச் சத்து இல்லாமையால், நீர் சிறிது புளித்த தன்மையை அடைகிறது. அமிலத்தையும் க்ஷாரத்தையும் அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. இந்த ஓடைகளின் மீன்களுக்கு 5.5 முதல் 6.5 வரை சுகம். நிழல் காரணமாக உஷ்ணம் 21 டிகிரிக்கும் 24 டிகிரிக்கும் நடுவே பெரும்பாலும் நிற்கும். காலையும் மாலையும், மாசியும் ஆடியும் இந்த ஜலத்துக்குப் பெரிய பேதமில்லை.

இரண்டாவது வகுப்பின் ஸ்வபாவம் இதற்கு நேர் விரோதமானது. கிழக்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில், மழைக்காலத்தில் பள்ளங்களில் தேங்கிச் சில மாதங்களில், சில சமயம் சில வாரங்களிலேயே, வற்றிப்போகும் குட்டைகளில் நோதோபிராங்கியஸ் என்னும் பேரினம் வாழ்கிறது. அந்தக் குட்டைகளுக்கு வாய்க்கால் இல்லை. ஆற்றோடு தொடர்பில்லை. மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. கலங்கல் மிகுதி, மீனுக்குத் தன் துணையின் நிறம் நாலு விரற்கடைக்கு அப்பால் தெரியாது, ஒருவேளை அதனால்தானோ என்னவோ, ஆண்களின் உடம்பில் சிவப்பும் நீலமும் அப்படிக் கொழுந்துவிட்டு எரிகின்றன. மேலே நிழலற்ற வெயில், ஆழமோ முழங்கால் அளவு. ஆகையால் ஒரே நாளில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே பத்து டிகிரிக்கு மேல் உஷ்ணம் ஏறி இறங்குவதுண்டு. குட்டை புதிதாக நிறைந்தபோது மழைநீர் போன்று மென்மையாக இருக்கும் அதே தண்ணீர், சுண்டச் சுண்ட உப்பேறிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட ஜலத்துக்கு "இதன் பி.எச். என்ன, கடினத்தன்மை என்ன" என்று ஒற்றை எண்ணைக் கேட்பது, ஒரு மனிதனின் வயது என்ன என்பதை அவன் ஆயுள் முழுவதற்கும் ஒரே எண்ணாகச் சொல்லும்படி கேட்பதைப் போன்றது.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது நோதோபிராங்கியஸ் ஃபர்சரி. இன்றைய ஜிம்பாப்வேயின் கோனாரெஜோ வனப் பிரதேசத்தில் 1968-ல் ரிச்சர்ட் ஃபர்சர் என்பவர் கண்டெடுத்து, 1971-ல் அவர் பெயரால் வர்ணிக்கப்பட்டது. தொட்டியில் எவ்வளவு சௌகரியமாக வைத்துப் போற்றினாலும் அந்த முதல் குட்டையின் வம்சம் மூன்று மாதங்களுக்குள் மூப்படைந்து இறந்துவிடுகிறது என்பதை 2003-ல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது முதல், மூப்பு என்றால் என்ன என்று ஆராயும் கூடங்களுக்கு இந்த மீன் ஒரு வரப்பிரசாதமாயிற்று. முதுகு வளைவதும், நிறம் மங்குவதும், கற்றுக்கொள்ளும் திறன் குறைவதும் இதற்கும் வாரக்கணக்கில் நிகழ்ந்துவிடுகின்றன. மொசாம்பிக்கின் குட்டைகளில் செக் நாட்டு விஞ்ஞானிகள் செய்த ஆராய்ச்சியில், முட்டையிலிருந்து வெளிவந்த பதினான்கே நாட்களில் இது தாயும் தந்தையும் ஆகத் தகுதி பெறுகிறது என்று 2018-ல் தெரியவந்தது. நம்மூரில் ஒரு நாற்றங்கால் பருவம்கூட அதற்குள் முடிவதில்லை.

குட்டை வற்றும்போது மீன்கள் எல்லாம் மடிகின்றன. எஞ்சுவது முட்டை. ஆண் தன் முதுகுத்துடுப்பைப் பெண்ணின் மேல் போர்த்தி அணைத்து, இருவரும் சேற்றை நோக்கி நடுங்க, ஒரு தடவைக்கு ஒரு முட்டையாக, ஒரு நாளில் இருபது, ஐம்பது என்று, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைகள் சேற்றினுள் செருகப்படுகின்றன. சேறு இறுகி, நிலம் பாளம்பாளமாக வெடிக்கும். அந்த முட்டையினுள் வளரும் கரு, நினைத்தபோது வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் விசேஷ சக்தி உடையது. விஞ்ஞானிகள் இதனை மூன்று கட்டங்களாகக் கண்டிருக்கிறார்கள். உயிரணுக்கள் இன்னும் ஒன்றுகூடி உருவெடுக்காமல் சிதறியிருக்கும்போதே ஒரு நிறுத்தம். முதுகுத்தண்டின் வரை உருவாகி, இருதயம் துடிக்கத் தொடங்கிய பின் நடுவில் ஒரு நீண்ட நிறுத்தம். கண்ணும் வாயும் வாலும் முழுமையாகி, வெளியே வர வேண்டியதுதான் பாக்கி என்னும் நிலையில் கடைசி நிறுத்தம். இதிலும் பெரிய அதிசயம், ஒரே தாயின் ஒரே நாள் முட்டைகள் ஒரே கணக்கில் நடப்பதில்லை என்பது. சில முட்டைகள் நடு நிறுத்தத்தைத் தாண்டி விரைந்து தயாராகின்றன. சில மாதக்கணக்காக உறங்குகின்றன. முதல் மழை ஏமாற்றி, குட்டை பத்து நாளில் வற்றிவிட்டால், அவசரக்காரர்கள் மடிவார்கள். உறங்கியவர்கள் அடுத்த மழைக்கு இருப்பார்கள். விதைநெல் முழுவதையும் முதல் தூற்றலுக்கே விதைத்துவிடாமல் குலுக்கையில் ஒரு பங்கை மிச்சம் வைக்கும் குடியானவனின் விவேகம் அந்த முட்டைக்குள் இருக்கிறது.

அந்தக் குட்டைகளின் மண்ணைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நோதோபிராங்கியஸ் கண்ட இடத்தில் வாழ்வதில்லை. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண் படிந்த குட்டைகளில்தான் வாழ்கிறது. வெடிப்பின் அடியில் முட்டைக்கு வேண்டிய ஈரக்கசிவை அந்த மண்ணே காத்துத் தருகிறது. விஞ்ஞானிகள் வேர்ட்டிசால் என்று அழைக்கும் அம்மண் நமக்குப் புதியதா? சங்கரன்கோவிலைத் தாண்டிக் கிழக்கே போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கிற கரிசல் அல்லவா அது! அச்சன்புதூர்க் குளத்தின் உள்வாயிலேகூட, சித்திரை வைகாசியில் கரம்பை அள்ள வண்டிகள் இறங்கும்போது, கால் நுழையும் வெடிப்புகளைப் பார்த்திருக்கிறேன். மண் இருக்கிறது, கோடை இருக்கிறது, மழை பொய்ப்பதும் இருக்கிறது. பின் ஏன் நம் நாட்டுக் கில்லிக்கு இந்த உறக்கம் வாய்க்கவில்லை? மானத்துக்கண்ணி தன் முட்டைகளை நீர்ச்செடியில் ஒட்டி வைக்கிறது. இரண்டு வாரத்தில் குஞ்சு வெளிவந்தாக வேண்டும். சேற்றில் காய வைத்தால் செத்துவிடும்.

இதற்கு விடையின் ஒரு பகுதி வம்சத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கில்லிகளுக்குள் இந்த உறக்கம் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. மானத்துக்கண்ணியின் கிளையில் அது ஒருபோதும் தோன்றவில்லை. மற்றொரு பகுதியை நீர் பாய்ச்சும் பெரியவர் ஒருவரிடம் தெரிந்துகொண்டேன். குளம் வற்றினால் இந்த மீன் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, மண்வெட்டியைத் தோளை விட்டு இறக்காமலே அவர் சொன்னார்: "கொளம் வத்துனா என்ன தம்பி? வாய்க்கால்லயும் மடைக்குழியிலயும் தண்ணி கெடக்கும்லா. அதுல கெடந்துட்டு, கார் சாகுபடிக்குத் தண்ணி வுடையில மறுபடி ஏறி வந்துரும்." மேற்கு மலை இருக்கும்வரை ஓடையின் மேற்பகுதி முற்றிலும் வறள்வதில்லை, கோடையில் ஆற்றின் கசங்களில் ஒதுங்கிய மீன், ஆனி ஆடியில் வாய்க்கால் ஏறிக் குளத்துக்குப் போகிறது, ஐப்பசி கார்த்திகையில் குளம் மறுகால் பாயும்போது அடுத்த குளத்துக்கு இறங்குகிறது. ஆப்பிரிக்கக் குட்டையின் மீன் வறட்சியைக் காலத்தால் கடக்கிறது. நம் மீன் அதை இடத்தால் கடக்கிறது. குளங்களைச் சங்கிலியாகக் கோத்து வாய்க்கால் வெட்டிய நம் முன்னோர், நெல்லுக்காகச் செய்த காரியத்தால் இந்தச் சிறு பிராணியின் பாதையையும் விரித்து வைத்தார்கள். அந்த வாய்க்கால்கள் குப்பையால் தூர்ந்துபோவதைக் காணும்போது நெஞ்சு வேகிறது.

இனி வளர்ப்போர் அறிய வேண்டியவற்றைச் சொல்கிறேன். என் முதல் பாடம் ஒரு பெரும் தவறாக அமைந்தது. வாய்க்காலில் எடுத்த நான்கு மீன்களை வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நேரே விட்டேன்; தண்ணீர் பளிங்குபோல் இருந்தது; இரண்டாம் நாள் காலையில் நான்கும் மிதந்தன. தெளிவுக்கும் தன்மைக்கும் சம்பந்தமில்லை என்று அன்று கற்றேன். பூமிக்கடியில் நெடுங்காலம் தங்கிய நீர் உப்புக்களை ஏற்றிக்கொள்கிறது. மீனின் உடலோ தோலாலும் செவுளாலும் நீரையும் உப்பையும் கணந்தோறும் சமன்செய்துகொண்டே இருப்பது. அச்சமன் திடீரென்று குலைந்தால் அது தாங்காது. புதிய நீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, மூன்று நான்கு மணி நேரத்தில் மாற்ற வேண்டும்.

காட்டோடைக் கில்லிகளுக்கு நம் பக்கத்தில் கிடைக்கும் உத்தமமான ஜலம் மழைநீர். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து கூரை கழுவப்பட்ட பின் பிடித்து மூடி வைக்கலாம். ஆனால் வெறும் மழைநீரில் தாதுச்சத்தே இல்லையாதலால் அதன் பி.எச். நிலையற்று ஊசலாடும், நாலு பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்றுநீர் சேர்த்து, ஜெர்மன் கடினத்தன்மை அளவில் 5-க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. அந்த அளவில் ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றிரண்டைப் போட்டால், ஓடையின் தேயிலை நிறமும் மெல்லிய அமிலமும் வந்துவிடும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். கடினமானது தென்காசிக் கோடை. வெளியே 37 டிகிரி காயும்போது கண்ணாடித் தொட்டியில் காட்டு மீன் தவிக்கும். அகன்ற மண்தொட்டியை நிழலில் வைத்து, ஈரச்சாக்கைச் சுற்றிவிட்டால், நீர் ஆவியாகும்போது உஷ்ணத்தைக் கொண்டுபோகும். வாயை வலையால் மூட மறக்கலாகாது. கில்லிகள் யாவும் துள்ளுவதில் சமர்த்தர்கள்.

நோதோபிராங்கியஸ் வகைக்கு இவ்வளவு மென்மை வேண்டாம், நடுநிலை பி.எச்., நடுத்தரக் கடினம், 22 முதல் 26 டிகிரி போதும். குட்டையில் பெரிய உஷ்ண வேறுபாட்டைத் தாங்கும் மீன்தானே என்று தொட்டியில் அசட்டையாக இருத்தல் தவறு. தாங்குவது வேறு, தழைப்பது வேறு. வெல்வெட் என்னும் நுண்ணுயிர் நோய் இவற்றை எளிதில் பற்றுவதால், லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு சேர்ப்பது பழக்கம். கொசுப்புழுவும் நீர்த்தெள்ளும் ஏராளமாகத் தின்பதால் கழிவும் ஏராளம்; அக்கழிவிலிருந்து எழும் அம்மோனியாவின் நச்சுப்பங்கு, பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவது இதனால்தான் அவசியம்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கொசுவை ஒழிக்கவென்று 1928-ல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா, கொசுப்புழுவை நெடுங்காலமாகத் தின்றுவந்த நம் சிறுமீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டது. வளர்த்துச் சலித்த அந்நிய மீனை ஒருபோதும் வாய்க்காலில் விடாதீர்கள்.

முட்டைக்கு வருவோம். ஐரோப்பியர் பீட் என்னும் சதுப்புநிலப் பாசிமக்கைப் பயன்படுத்துவார்கள். நமக்குத் தேங்காய் நார்த்தூள் உண்டு. அதை இருமுறை கொதிக்க வைத்து, சாயமும் உப்பும் போக அலசி, ஒரு கிண்ணத்தில் இட்டுத் தொட்டியில் வைத்தால், மீன்கள் அதையே சேறாக எண்ணி முட்டையிடும். பத்து நாளுக்கு ஒருமுறை எடுத்து வடிகட்டிப் பிழிந்து, கையில் பிடித்தால் ஈரம் ஒட்டாத, ஆனால் உதிர்ந்தும் போகாத பதத்தில் உலரவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, தேதியை எழுதி, நிழலான அலமாரியில் வைக்க வேண்டும். இனத்துக்கு இனம் காலம் மாறும். குந்தெரி என்னும் இனத்துக்கு மூன்று மாதம், ராச்சோவி என்பதற்கு ஐந்தாறு மாதம். முட்டைக்குள் பொன்வளையமிட்ட இரண்டு கண்கள் தெளிவாகத் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது.

அப்போது அகன்ற தட்டில் நார்த்தூளைப் பரப்பி, குளிர்ந்த மழைநீரை இரண்டு அங்குலம் நிற்கும்படி ஊற்றுவேன். அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஊசிமுனை போன்ற ஒன்று பக்கவாட்டில் துள்ளும்; அடுத்து இன்னொன்று; மாலைக்குள் முப்பது, நாற்பது. மறுநாள் அவற்றைக் கரண்டியால் மொண்டு எடுத்து வேறு தட்டில் விட்டபின், வெறுமையாகத் தோன்றும் அந்த நார்த்தூளைக் கொட்டிவிடாமல் மறுபடியும் பிழிந்து, உலர்த்தி, பையிலிட்டு, பழைய தேதியின் கீழே புதிய தேதியை எழுதி, ஒரு மாதத்துக்கு அலமாரியில் எடுத்து வைக்கிறேன்.